பனிக்கட்டிக்கு அடியில் ஒரு குளிர்காலம்

தங்கமீன் வளர்க்கும் சிங்கப்பூரர்களுக்குக் கவலைகள் உண்டு. தண்ணீர் கலங்கிப்போகும், தொட்டியில் பாசி படியும், தம்பி தங்கைகள் தீனியை அள்ளி அள்ளிப் போடுவார்கள். ஆனால் தண்ணீர் உறைந்துபோகுமே என்று இங்கே யாரும் தூக்கத்தைத் தொலைத்ததில்லை.

பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில் நிலைமை வேறு. அங்கே பல வீடுகளின் தோட்டத்தில் சிறிய குளம் ஒன்று இருக்கும். அதில் தங்கமீன்கள் நீந்தும். நவம்பர் பிறந்ததும் வளர்ப்பவர்கள் மனத்தில் ஒரே கேள்வி எழும். குளத்தின் மேற்பரப்பு பனிக்கட்டியாக இறுகிவிட்டால் உள்ளே இருக்கும் மீன்கள் பிழைக்குமா?

குளம் போதிய ஆழமாக இருந்தால் பெரும்பாலும் பிழைக்கும் என்பதே விடை. அது எப்படி என்று தேடிப் பார்த்தால், உயர்நிலைப் பள்ளியில் நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்த அறிவியல் பாடங்கள் பல அந்தச் சிறிய குளத்துக்குள் ஒன்றுகூடி இருப்பது தெரியும். குளிர்காலத்தில் மீன்கள் சாவதற்குக் குளிர் மட்டும் காரணமில்லை என்பதும் புரியும். பதறிப்போய் மனிதர்கள் செய்யும் உதவியும் அவற்றின் உயிரைப் பறிக்கலாம்.

நான்கு டிகிரி பாதுகாப்பு

பெரும்பாலான திரவங்கள் குளிரக் குளிர அடர்த்தி கூடும். உறைந்தால் இன்னும் கூடும். தண்ணீர் அப்படியில்லை. ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸில்தான் அதன் அடர்த்தி மிக அதிகம். அதற்கும் கீழே குளிர்ந்தால் மீண்டும் விரிவடைந்து இலேசாகிவிடும்.

இதனால் குளிர்காலக் குளத்தில் தண்ணீர் அடுக்கடுக்காகப் பிரிகிறது. கனமான 4 டிகிரித் தண்ணீர் அடியில் தங்குகிறது. அதைவிடக் குளிர்ந்தது மேலே வருகிறது. முதலில் உறைவதும் மேற்பரப்புத்தான். உருவான பனிக்கட்டி மிதப்பதோடு, கீழே உள்ள தண்ணீருக்குப் போர்வையாகவும் அமைகிறது. வெளியே காற்று சுழியத்துக்குக் கீழே 10 டிகிரி வரை இறங்கினாலும், அடியில் மீன்கள் உயிர்வாழத் தேவையான திரவத் தண்ணீர் மிஞ்சுகிறது.

இது பலிக்க வேண்டுமானால் குளத்துக்கு ஆழம் வேண்டும். பிரிட்டன் போன்ற மிதமான குளிர்நாடுகளில் குறைந்தது 60 செண்டிமீட்டர் ஆழப் பகுதி ஒன்றாவது இருக்க வேண்டும் என்பார்கள். கனடா போன்ற கடுங்குளிர் நாடுகளில் ஒரு மீட்டருக்கும் அதிகமாகத் தேவைப்படலாம். முட்டளவுகூட ஆழமில்லாத குளம் அடிவரை உறைந்துவிட்டால் மீனும் உறைந்து செத்துவிடும். அப்படிப்பட்ட குளத்து மீன்களை வீட்டுக்குள் கொண்டுவருவதைத் தவிர வேறு வழியில்லை.

தண்ணீரைச் சுழற்றும் மோட்டார் பம்ப் விஷயத்திலும் கவனம் தேவை. அது குளத்தின் அடியில் கிடந்து ஓடிக்கொண்டே இருந்தால், மேலே உள்ள கடுங்குளிர் நீரைக் கீழேயுள்ள நீரோடு கலந்துவிடும். 4 டிகிரி அடுக்கு குலைந்துபோகும். அதனால்தான் அனுபவசாலிகள் குளிர் தொடங்கியதும் பம்பை அடியிலிருந்து தூக்கி மேலே பொருத்துகிறார்கள், அல்லது நிறுத்தியே விடுகிறார்கள்.

பட்டினி போடுவதும் பராமரிப்பே

நம்மைப் போல மீனால் தன் உடலைச் சூடாக வைத்துக்கொள்ள முடியாது. தண்ணீரின் வெப்பநிலைதான் அதன் உடலின் வெப்பநிலையும். தண்ணீர் குளிர்ந்தால் இதயத் துடிப்பு, சுவாசம், செரிமானம் எல்லாம் மெதுவாகிவிடும். தங்கமீன்கள் குளத்தின் ஆழமான இடத்தில் ஒன்றாகக் கூடி, அசைவே இல்லாததுபோல் நிற்கும். அதற்கு உடல்நலமில்லை என்று பொருளல்ல.

இந்த நிலையில் தீனி போடுவது ஆபத்து. தண்ணீர் ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே போனதும் தீனியை நிறுத்திவிட வேண்டும். வயிற்றுக்குள் போகும் உணவு சரியாகச் செரிக்காது. தின்னாமல் விட்ட தீனி அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை மாற்றிச் சுத்தப்படுத்தும் நல்ல பாக்டீரியாக்களும் குளிரில் மந்தமாகிவிடுவதால், கெட்ட தண்ணீர் எளிதில் சீராகாது. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் நன்றாகத் தின்ற மீன், உடலில் சேர்த்த கொழுப்பையும் கிளைக்கோஜனையும் கொண்டு மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

சாப்பிடாமல் இருந்தால் கவலைப்படும் குடும்பங்களில் வளர்ந்தவர்கள் நாம். பட்டினி போடுவதும் ஒருவகைப் பராமரிப்பு என்பதை ஏற்க நமக்குச் சற்று நேரமாகும்.

உண்மையான எதிரி மூச்சுத்திணறல்

குளிர்ந்த தண்ணீரில் உயிர்வாயு அதிகம் கரையும். 30 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் கரையும் என்றால், சுழிய டிகிரியில் 14 மில்லிகிராமுக்கும் மேல் கரையும். மீனின் தேவையும் அப்போது குறைவு. பிறகு ஏன் பிரச்சினை வருகிறது?

குளத்தின் அடியில் கிடக்கும் உதிர்ந்த இலைகளும் சேறும்தான் காரணம். அவை அழுகும்போது உயிர்வாயுவைத் தின்றுவிடுகின்றன. கரியமிலவாயு, மீத்தேன், ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற வாயுக்களை வெளியிடுகின்றன. மேலே பனிக்கட்டி மூடியிருந்தால் இந்த வாயுக்கள் வெளியேற முடியாது. புதுக்காற்றும் உள்ளே வர முடியாது. பனிக்கட்டியின்மேல் வெண்பனி கொட்டிக் குவிந்துவிட்டால் சூரிய ஒளியும் தடைபடும். நீருக்கடியில் உள்ள செடிகளும் பாசிகளும் ஒளிச்சேர்க்கை செய்து உயிர்வாயு தரும் வழியும் அடைபட்டுவிடும்.

ஆகவே குளிர்காலப் பராமரிப்பு குளிர்காலத்தில் தொடங்குவதில்லை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே குளத்தின்மேல் வலை கட்டி இலைகளைத் தடுக்க வேண்டும். வாடிய நீர்ச்செடிகளை வெட்டி எடுக்க வேண்டும். அடியில் சேர்ந்த சேற்றில் ஒரு பகுதியை அள்ள வேண்டும். குளத்தில் அளவுக்கு மீறிய மீன்கள் இருந்தால் அவற்றைக் குறைக்க வேண்டும்.

பனிக்கட்டியில் ஒரு திறப்பு வைத்திருக்க வேண்டும் என்பது வழிவழியாக வரும் அறிவுரை. அதற்காகவே மிதக்கும் சிறு மின்சூடேற்றிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. ஆனால் இதில் சுவையான கருத்து வேறுபாடு ஒன்று உண்டு. 2010ஆம் ஆண்டின் கடுங்குளிரை ஒட்டி, பிரிட்டனில் குளங்களின் பாதுகாப்புக்காக இயங்கும் அறநிறுவனம் ஒன்று பொதுமக்களிடம் தகவல் திரட்டி ஆராய்ந்தது. ஓட்டை போடுவதால் மட்டும் தண்ணீரில் உயிர்வாயு பெரிதாகக் கூடுவதில்லை என்ற முடிவுக்கு அது வந்தது. சிறு திறப்பின் வழியாக உயிர்வாயு குளம் முழுவதும் பரவிவிடாது என்பதை நினைத்துப் பார்த்தால் இது புரியும். அதனால் திறப்பை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. பனியைப் பெருக்கி ஒளிக்கு வழிவிடுவதும், முன்கூட்டியே இலைகளை அகற்றுவதும் அதைவிட முக்கியம்.

சுத்தியலை எடுக்காதீர்கள்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் முதுகலை படிக்கும் என் பெரியம்மா மகள் தங்கியிருந்த வீட்டில் ஒரு தோட்டக்குளம் உண்டு. சென்ற குளிர்காலத்தில் வீட்டுக்காரப் பாட்டி மருத்துவமனையில் சேர்ந்தார். ஒன்பது மீன்களும் அக்காவின் பொறுப்புக்கு வந்தன. ஒரு காலையில் குளம் முழுவதும் உறைந்திருப்பதைப் பார்த்து அக்கா வீட்டுக்கு அழைத்தார். கைப்பேசித் திரையில் குளத்தைப் பார்த்த எங்கள் குடும்பமே ஆலோசனை சொன்னது. சுத்தியலால் உடைக்கச் சொன்னார் மாமா. கொதிக்கும் தண்ணீரை ஊற்றச் சொன்னார் பெரியம்மா.

இரண்டுமே தவறு. தங்கமீன், கெண்டை வகையைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்து மீன்களின் காற்றுப்பைக்கும் உட்செவிக்கும் இடையே வெபர் எலும்புகள் எனப்படும் சின்னஞ்சிறு எலும்புகள் வரிசையாக அமைந்துள்ளன. தண்ணீரில் எழும் அதிர்வுகளைக் காற்றுப்பையிலிருந்து செவிக்குக் கடத்துபவை அவை. நமக்கு ‘டக்’ என்று கேட்கும் ஓர் அடி, அசைவற்று ஓய்ந்திருக்கும் மீனுக்குப் பேரதிர்ச்சி. கொதிநீரை ஊற்றினாலோ, தண்ணீரின் வெப்பநிலை திடீரென்று மாறும். அருகில் இருக்கும் மீன் வெந்துபோகவும் கூடும்.

சரியான முறையைப் பாட்டியே மருத்துவமனையிலிருந்து சொல்லியனுப்பினார். ஒரு பாத்திரத்தில் வெந்நீர் நிரப்பிப் பனிக்கட்டியின்மேல் வைத்துவிட வேண்டும். பாத்திரத்தின் சூட்டில் பனிக்கட்டி மெல்ல உருகி வட்டமாகத் திறப்பு உண்டாகும். பாத்திரம் உள்ளே விழாதபடி அதன் கைப்பிடியில் கயிறு கட்டிக்கொள்வது நல்லது. பிரிட்டனின் விலங்குநல அமைப்புகளும் இதே முறையைத்தான் பரிந்துரைக்கின்றன.

“தினமும் காலையில் பாத்திரத்தை வைப்பேன், பனியைப் பெருக்குவேன். அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் அந்தப் பக்கமே போகாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது,” என்றார் அக்கா. மார்ச் மாதம் பாட்டி வீடு திரும்பியபோது எட்டு மீன்கள் மேலே வந்து நீந்தின. வயதான ஒன்று மட்டும் பிழைக்கவில்லை.

சாராயம் வடிக்கும் உடல்

இவ்வளவு கவனித்தும் சில குளங்களில் உயிர்வாயு அறவே தீர்ந்துவிடும். அப்போதுகூட தங்கமீன் உடனே சாவதில்லை. இதன் பின்னணியை ஓஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் விளக்கினார்கள்.

உயிர்வாயு இல்லாதபோது நம் தசைகளில் லாக்டிக் அமிலம் சேரும். அது அளவுக்கு மீறினால் உயிருக்கு ஆபத்து. தங்கமீனும் அதன் நெருங்கிய உறவான குரூசியன் கெண்டையும் அந்த லாக்டிக் அமிலத்தை எத்தனாலாக, அதாவது மதுபானத்தில் இருக்கும் அதே பொருளாக, மாற்றிச் செவுள்கள் வழியாகத் தண்ணீரில் வெளியேற்றிவிடுகின்றன. இவற்றின் முன்னோருக்கு மரபணுத் தொகுதி இரட்டிப்பானபோது, கூடுதலாகக் கிடைத்த நொதிப் புரதங்கள் இந்தப் புதிய வேலையை ஏற்றுக்கொண்டன. ஈஸ்ட் நுண்ணுயிர் செய்யும் வேலையை ஒரு மீனின் தசை செய்கிறது!

பனிமூடிய ஏரிகளில் குரூசியன் கெண்டையின் இரத்தத்தில் எத்தனால் அளவு 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராமையும் தாண்டுமாம். ஸ்காட்லாந்தில் வாகனமோட்டிகளுக்கான வரம்பே அதுதான். சிங்கப்பூரின் வரம்பு 80 மில்லிகிராம்.

ஆனால் இது அவசரகால ஏற்பாடுதான். எத்தனாலாக வெளியேறும் சக்தி மீனுக்குத் திரும்பக் கிடைக்காது. கல்லீரலில் உள்ள கிளைக்கோஜன் தீர்ந்தால் கதை முடிந்தது. மேலும், எல்லாத் தங்கமீன்களும் ஒரே அளவு வலிமை உடையவை அல்ல. நீண்ட உடலும் ஒற்றை வாலும் கொண்ட சாதாரண வகைகளே குளிரைத் தாங்கும். ஒராண்டா, ரியுகின், குமிழ்க்கண் போன்ற உருண்டை உடல் வகைகள் அழகுக்காக வளர்த்தெடுக்கப்பட்டவை. அவற்றைக் குளிருக்கு முன்பே வீட்டுக்குள் மாற்றிவிட வேண்டும்.

பனி உருகும்போதுதான் கவனம்

பனிக்கட்டி கரைந்ததும் ஆபத்து விலகிவிட்டதாக நினைக்கக் கூடாது. பல மாதப் பட்டினியால் மீன் மெலிந்திருக்கும். நோய் எதிர்ப்பாற்றல் மெதுவாகத்தான் திரும்பும். நோய்க்கிருமிகளோ தண்ணீர் சற்றே வெதுவெதுப்பானதும் விழித்துக்கொள்ளும். எனவே ஒரு நாள் வெயிலைப் பார்த்ததும் தீனியைக் கொட்டாமல், தண்ணீர் தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல் இருப்பதை வெப்பமானியால் உறுதிசெய்த பிறகே தொடங்க வேண்டும். எளிதில் செரிக்கும் கோதுமைமுளைத் தீனியைச் சிறிது சிறிதாகக் கொடுப்பது வழக்கம்.

வலிமையே வினையாகும்போது

ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் சீனாவில் வளர்ப்பு மீனாக உருவெடுத்த தங்கமீனின் இந்த உறுதிக்கு இன்னொரு முகமும் உண்டு. வேண்டாம் என்று ஏரியில் விடப்பட்டால் அது சாவதில்லை, பெருகுகிறது. கனடாவின் ஹாமில்டன் துறைமுகப் பகுதியில் தங்கமீன்கள் கட்டுக்கடங்காமல் பெருகியுள்ளன. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள பர்ன்ஸ்வில் நகர நிர்வாகம், ஏரியில் பிடிபட்ட பெரிய தங்கமீன்களின் படங்களை 2021இல் வெளியிட்டு, வளர்ப்பு மீன்களை ஏரிகளில் விடாதீர்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. இவை அடிச்சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்குகின்றன, நீர்ச்செடிகளைப் பிடுங்குகின்றன, உள்ளூர் மீன்களின் உணவுக்குப் போட்டியாகின்றன. உறைந்த ஏரிகூட அவற்றைத் தடுப்பதில்லை.

இங்கேயும் தேசிய பூங்காக் கழகம் விசாக தினத்தை ஒட்டி, விலங்குகளை நீர்நிலைகளிலும் காடுகளிலும் விடவேண்டாம் என்று ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது. வளர்க்க முடியாத மீனை வேறொருவரிடம் ஒப்படைக்கலாம், அல்லது கடையில் கேட்டுப் பார்க்கலாம். நீர்த்தேக்கத்தில் விடுவது அதற்கு விடுதலை அன்று.

நம்மில் சிலர் மாணவர் பரிமாற்றத் திட்டத்திலோ மேற்படிப்புக்கோ குளிர்நாடுகளுக்குப் போகக்கூடும். அங்கே யாராவது தங்கள் குளத்தைச் சில வாரங்களுக்கு உங்களிடம் ஒப்படைத்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். புறப்படும் முன் அவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு வையுங்கள்: குளம் எவ்வளவு ஆழம்? பம்ப் எங்கே இருக்கிறது? வெப்பமானி எங்கே இருக்கிறது? தீனி டப்பா எங்கே என்று கேட்கத் தேவையில்லை.