இறக்குமதி அரிசியும் நமது வயலும்

கமக்காரர்களே, ஒரு நாடு தனக்கு வேண்டிய அரிசியைத் தானே விளைவிக்கின்றதா, பிறநாட்டிலிருந்து வாங்குகின்றதா என்பது அரசாங்கத்தின் கணக்கு மட்டுமன்று. அறுவடைக் காலத்தில் உங்கள் களத்து நெல்லுக்குக் கிடைக்கும் விலையையும் அது பாதிக்கின்றது. ஆகவே, சோற்றையே முதன்மை உணவாகக் கொண்ட இரு தீவு நாடுகளை ஒப்பிட்டு நோக்குவது பயன்தரும்.

இலங்கை

1950ஆம் ஆண்டளவில் நாம் உண்ட அரிசியில் ஏறக்குறைய அரைப்பங்கு கப்பலில் வந்தது. 1952இல் சீனாவுடன் செய்த உடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரைக் கொடுத்து 2,70,000 தொன் அரிசியைப் பெற்றோம். அதே ஆண்டில் பத்தலகொடவில் நெல்லாராய்ச்சி நிலையம் தோன்றியது. அங்கிருந்து 1950களின் இறுதியில் எச்-4 இனமும், 1970இல் பி.ஜி. 11-11 இனமும் வெளிவந்தன. பழைய உயர்ந்த இனங்கள் பசளை மிகுந்தால் சாய்ந்துவிடும். பின்னர் வந்த குட்டை இனங்கள் சாயாது நின்று கதிரீன்றன. திருத்திய குளங்களும் மகாவலித் திட்டமும் நீர் தந்தன. ஏக்கருக்குச் சுமார் 30 புசலாக இருந்த சராசரி விளைச்சல் 80 புசலைத் தாண்டியது. 2010ஆம் ஆண்டளவில், நன்மழை பெய்த ஆண்டுகளில் நாடு தன்னிறைவு கண்டது.

பிலிப்பைன்ஸ்

சர்வதேச நெல்லாராய்ச்சி நிறுவனம் 1960இல் அமைந்தது பிலிப்பைன்சிலேயே. புகழ்பெற்ற ஐ.ஆர். 8 இனம் 1966இல் அங்கிருந்தே வெளிவந்தது. 1973இல் கடனும் விதையும் பசளையும் ஒருங்கே வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்று, 1970களின் பிற்பகுதியில் அந்நாடு சிறிதளவு அரிசியை ஏற்றுமதியும் செய்தது. ஆயினும் அந்நிலை நீடிக்கவில்லை. 2008இல் உலகில் மிக அதிகமாக அரிசி வாங்கிய நாடு அதுவே. 2019இல் இறக்குமதிக் கட்டுப்பாடு நீக்கப்பட்டு வரி மட்டும் விதிக்கப்பட்டபோது அங்குள்ள கமக்காரரின் நெல்விலை வீழ்ந்தது. 2024இல் இறக்குமதி 45 இலட்சம் தொன்னையும் கடந்தது.

வேறுபாடு எதனால்?

விளைச்சலில் இரு நாடுகளுக்குமிடையே பெரும் வேறுபாடில்லை. பிலிப்பைன்சின் மக்கட்டொகை 1960இல் சுமார் 2.7 கோடி, 2020இல் 10.9 கோடி. அது நான்கு மடங்காயிற்று. இலங்கையிலோ 1963இல் 1.06 கோடியாக இருந்தது 2024இல் 2.18 கோடியாகி, இரு மடங்கே பெருகியது. அன்றியும், அந்நாட்டைப் புயல்கள் ஆண்டுதோறும் தாக்குகின்றன.

எனினும் நாம் பெருமிதங் கொள்ளலாகாது. 2017இல் வறட்சியினால் பெருமளவு அரிசியை வாங்க நேர்ந்தது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டமையால், தடை அவ்வாண்டிலேயே நீங்கியபோதிலும், அடுத்த பெரும்போக விளைச்சல் குன்றி, 2022இல் மீண்டும் கப்பலை எதிர்பார்த்தோம். அறுபதாண்டு முயற்சியின் பயனை ஒரே போகத்தில் இழந்துவிடக்கூடும் என்பதை இதனால் உணர்க.

உங்கள் கையில் உள்ளவை

1. சான்றுபடுத்திய விதைநெல்லையே விதையுங்கள்.

2. மண்ணைப் பரிசோதித்த பின்னர்ப் பசளை இடுங்கள். வைக்கோலை எரியாது வயலில் பரப்பி உழுங்கள். பயிர் உறிஞ்சிய பொற்றாசியத்தில் பெரும்பங்கு அதிலேயே உள்ளது.

3. சிறுபோகத்தில் குளத்துநீர் போதாதெனின், அவ்வயலில் பயறு, கௌபீ அல்லது குறுகியகால மரக்கறி பயிரிடுங்கள்.

4. நெல்லை நன்கு உலர்த்திச் சேமியுங்கள். ஈரநெல்லைக் களத்திலேயே விற்பவர் வாங்குவோர் கூறும் விலைக்கு உடன்பட வேண்டியவராவர்.