பெருவிரலும் பொறுமையும்

இசைக்கருவிகளுள் கிற்றாரைப்போல எளிதாக மதிப்பிடப்படுவது வேறொன்றில்லை எனலாம். விருந்துகளிலும் சுற்றுலாக்களிலும் ஆறு தந்திகளையும் ஒருசேர வருடி, பாடுவோருக்குத் துணை செய்யும் கருவியாகவே நம்மிற் பலர் அதனை அறிவர். அவ்வாறு வருடுவதைச் சில வாரங்களிற் கற்றுக்கொள்ளலாம் என்பதும் மெய்யே. ஆனால், அதே கருவியில் விரல்களால் தந்திகளைத் தனித்தனியே மீட்டி, தாழ்ந்த சுரங்களின் தாளநடையையும் பாட்டின் இசையையும் ஒருவரே ஒருங்கெழுப்பும் கலை ஒன்று உண்டு. விரல்மீட்டு என இக்கட்டுரையில் நான் குறிப்பது அதனையே. கண்ணை மூடிக் கேட்பவருக்கு இருவர் அமர்ந்து வாசிப்பதாகவே தோன்றும்.

ஐம்பது வயதைக் கடந்தபின் இக்கலையைப் பயிலத் தொடங்கியவன் நான். "இந்த வயதில் இது எதற்கு?" என நண்பர்கள் கேட்பதுண்டு. கேலியாகக் கேட்கப்பட்டாலும் அது தள்ளத்தக்க வினாவன்று. நான் மேடை ஏறப்போவதில்லை, பரீட்சைக்கு அமரப்போவதில்லை, இதனாற் பொருளும் வரப்போவதில்லை. அப்படியாயின், நாள்தோறும் அரைமணி நேரத்தை இதற்கு ஈவது தகுமா? விடை கூறுமுன், இக்கலை தன்னைப் பயில்பவனிடம் எதனைக் கேட்கின்றது என்பதை விளக்குதல் வேண்டும்.

விரல்களுக்கிடையே வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பதே இதன் அடிப்படை. வலக்கையின் பெருவிரல், தாழ்ந்து ஒலிக்கும் தடித்த தந்திகள் மூன்றையும் ஆளும். எஞ்சிய மூன்று தந்திகளும் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாக உரியன. நமது வீணையை அறிந்தோருக்கு இது புதுமையன்று. அங்கே சுட்டுவிரலும் நடுவிரலும் இராகத்தை மீட்ட, சின்னிவிரல் பக்கத்திலுள்ள தாளத் தந்திகள் மூன்றையும் மீட்டிக் காலம் காட்டுகின்றது. கிற்றாரில் அந்தப் பொறுப்புப் பெருவிரலைச் சேர்ந்தது.

முதற் பயிற்சி மிக எளியது. இடக்கை ஒரு சுரக்கூட்டைப் பற்றி அசையாதிருக்க, பெருவிரல் ஐந்தாம் தந்தியையும் நான்காம் தந்தியையும் மாறிமாறி, நான்கு அடிகளாகச் சீராக மீட்டும். அவ்வளவுதான். இதனை ஒரு சிறுவன்கூட ஒரே நாளிற் செய்துவிடுவான். அடுத்ததாக, முதலாம் அடியில் நடுவிரலும் உடன் மீட்டும். இதுவும் கடினமன்று. மூன்றாம் படியிலேதான் இடர் தொடங்குகின்றது. இரண்டு அடிகளுக்கு இடையிலுள்ள வெளியிற் சுட்டுவிரல் நுழைய வேண்டும். அது நுழைந்த அக்கணமே பெருவிரல் தன் கடமையை மறந்து அதன் பின்னே ஓடுகின்றது; அல்லது திகைத்து நின்றுவிடுகின்றது.

இவ்விடரை அறிவினால் வெல்ல முடியாது. செய்ய வேண்டியது யாதெனப் பயில்பவனுக்கு ஐயமறத் தெரியும். தாளிலும் எழுதிக் காட்டுவான். கை மட்டும் கேளாது. மருந்து ஒன்றே. நிமிடத்துக்கு அறுபது அடிகள் கடினமாயின் ஐம்பது. அதுவும் கடினமாயின் நாற்பது. வேகத்தைக் குறைத்துக்கொண்டே போய், கை பிழைக்காத இடத்தைக் கண்டு, அங்கே தங்கிவிடுதல் வேண்டும். விரைந்து வாசிக்கும்போது செய்யும் பிழையையும் கை பாடமாகவே ஏற்றுக்கொள்ளும். சரியையும் தவறையும் அது வேறுபடுத்தி அறியாது. பன்முறை செய்ததையே அது கற்கும். கைப்பழக்கம் என்று நம் முன்னோர் சொல்லிவைத்த சொல்லின் முழுப்பொருளும் இதுவே. பெருவிரல் பாடத்தைக் கற்றுவிட்டதா என்றறிய ஓர் எளிய சோதனை உண்டு. வாசித்துக்கொண்டிருக்கும்போது அருகிலிருப்பவர் ஏதேனும் கேட்க, நாம் விடை சொல்லவேண்டும். பேச்சு நடக்கப் பெருவிரலும் நடக்குமாயின் அது கற்றுவிட்டது.

இடக்கைக்கு வேறொரு பாடம். உருக்குத் தந்திகள் தொடக்கத்தில் விரல்நுனிகளை நோகச் செய்யும். சில வாரங்களில் நுனித்தோல் தடித்து நோவு அகலும். கருவியை நெடுநாள் தொடாதுவிட்டால், தடித்த தோல் மீண்டும் மெலிந்துவிடும். தோலின் நினைவு அவ்வளவே. கையின் நினைவோ அத்தகையதன்று. இதற்குச் சான்றாக ஒரு பெண்மணியின் வரலாற்றைக் கூறலாம்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 1890-களிற் பிறந்தவர் எலிசபெத் கொட்டன் என்னும் கறுப்பின மாது. சிறுமியாயிருந்தபோதே வீட்டுவேலைக்குச் சென்று, சேர்த்த கூலியில் 3.75 டொலர் கொடுத்து ஒரு கிற்றார் வாங்கினார். அவர் இடக்கைப் பழக்கமுடையவர். வலக்கையினருக்காகத் தந்தி பூட்டிய கருவியை அப்படியே தலைகீழாகப் பிடித்தார். அதனால் தாழ்ந்த சுரங்களை விரல்களும், பாட்டின் இசையைப் பெருவிரலும் மீட்டலாயின. மேலே நான் விளக்கிய பங்கீட்டுக்கு இது நேர்மாறு. எனினும் பங்கீடு இருந்தது, அது ஒழுங்காகவும் இருந்தது. சரக்குப் புகையிரதத்தைப் பற்றிய 'பிரெயிட் டிரெயின்' என்னும் பாடலை அவர் அச்சிறு வயதிலேயே ஆக்கினார்.

பின்னர் மணம், குழந்தை, குடும்பம், தேவாலயப் பணி. கிற்றார் கைவிடப்பட்டது. பல பத்தாண்டுகள் கழிந்தன. வாஷிங்டன் நகரிற் பெரிய கடையொன்றிற் பணிபுரிந்தபோது, வழிதவறிய ஒரு சிறுமியைத் தாயிடம் சேர்ப்பித்தார். அச்சிறுமியின் குடும்பம் சீகர் குடும்பம். இசையையே உயிராகக் கொண்டது. அவ்வீட்டிற் பணிப்பெண்ணாக அமர்ந்த கொட்டன், ஒரு நாள் சுவரில் தொங்கிய கிற்றாரை எடுத்து மீட்டினார். கை மறந்திருக்கவில்லை. அவ்வீட்டு மகன் மைக் சீகர் ஒலிப்பதிவு செய்த அவரது முதல் இசைத்தட்டு 1958 இல் வெளிவந்தது. அறுபது வயதைத் தாண்டியே அவர் மேடை ஏறினார். 1985 இல் கிராமி விருதும் பெற்றார்.

அதற்கிடையில் ஒரு கொடுமையும் நிகழ்ந்தது. கடல் கடந்து சென்ற அவரது பாடல் 1957 இல் இங்கிலாந்திற் பெரும்புகழ் பெற்றபோது, அதன் உரிமை வேறிருவர் பெயரிற் பதிவாகியிருந்தது. சீகர் குடும்பத்தினரின் முயற்சியாற் பின்னரே அது மீட்கப்பட்டது. பாடலைப் பிறர் கொண்டுபோகலாம். அதனை மீட்டும் கையைக் கொண்டுபோக இயலாது.

அதே தலைமுறையைச் சேர்ந்த இன்னொருவர் ஸ்பானிய மேதை அந்திரேஸ் செகோவியா. கச்சேரி மண்டபத்துக்கு ஏற்றதன்றெனக் கருதப்பட்ட கிற்றாரை உலகின் பெருமேடைகளில் ஏற்றியவர் அவர். வயலினுக்கென பாக் எழுதிய 'சக்கோன்' என்னும் பேராக்கத்தை 1935 இல் பாரிசிற் கிற்றாரில் வாசித்துக் காட்டினார். அத்தகையவர் மாணவருக்கென வெளியிட்ட சிறுநூலொன்று முழுவதும் வெறும் சுரவரிசைகளே. மண்டபத்துச் செகோவியாவும் அடுக்களைக் கொட்டனும் 1987 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே மறைந்தனர். இருவர் கைகளையும் ஆக்கியது ஒரே பயிற்சிதான்.

இனி நண்பர்களின் வினாவுக்கு வருவோம். கொட்டன் அம்மையார் இளமையிற் கற்றதை முதுமையில் மீட்டவர். நானோ முதுமையின் வாயிலில் விதைப்பவன். இரண்டும் ஒன்றென நான் சொல்லமாட்டேன். என் விளைச்சல் சிறிதாகவே இருக்கும். ஆயினும், கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட ஒருவன் மீண்டும் கல்லாதவனாய் அமர்வதில் ஒரு பயன் உண்டு. நன்கு விளங்கிய பின்னரும் கை ஏன் கேளாது என்பதை அவன் தன் உடம்பிலேயே உணர்கின்றான். விளக்கியாயிற்று, இன்னுமா வரவில்லை என்று மாணவனைக் கேட்க எழும் வாய், தன் பெருவிரலை நினைத்து அடங்கிவிடுகின்றது. அரைமணி நேரத்துக்கு இந்த ஊதியமே எனக்குப் போதும்.

ஆசிரியர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். ஒரு சிறுமியின் கையில் ஊன்றிய கலை நாற்பதாண்டுகள் வெளிப்படாமற் கிடக்கலாம். தேர்ச்சிப் பட்டியலில் அது இடம்பெறாது. கற்பித்தவர் அதனைக் காணவும் வாழ்ந்திரார். அதனால் அது வீணாயிற்று என்று எண்ணிவிடலாகாது.