ஓடைக்குப் படித்துறை வேண்டும்

பல்கலைக் கழகத்தில் துறைக்கு ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. நூலகத்துக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று, விளையாட்டுத் திடலுக்கு ஒன்று. எதையும் தவறவிட விரும்பாத மாணவர் நாள்தோறும் அத்தனை பலகைகளையும் சுற்றி வரவேண்டும். புதிதாக ஒட்டப்பட்டவற்றை மட்டும் ஒருவர் குறித்து வந்து நம் அறையிலேயே தந்துவிட்டால் எவ்வளவு நலமாக இருக்கும்! இணையத்தில் அப்பணிக்கென ஏற்பட்டதே செய்தியோடை. ஆங்கிலத்தில் இதனை ஆர்.எஸ்.எஸ். என்பர்.

இதன் அமைப்பு எளிது. ஒரு வலைத்தளம் தன் பக்கங்களோடு ஒரு சிறு கோப்பையும் வைத்திருக்கும். புதிய கட்டுரைகளின் தலைப்பு, முகவரி, நாள், சுருக்கம் ஆகியவை அதில் வரிசையாக இருக்கும். ஓடைப் படிப்பான் என்னும் செயலி அக்கோப்பை அவ்வப்போது பார்த்து, புதியது வந்திருந்தால் நம்மிடம் சேர்க்கும். ஐம்பது தளங்களின் செய்திகளையும் ஒரே இடத்தில் படிக்கலாம். தளத்தாருக்கு நம் பெயரையோ மின்னஞ்சல் முகவரியையோ தரவேண்டியதில்லை. வேண்டாமென்றால் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் போதும்.

1999-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நெட்ஸ்கேப் நிறுவனம் இதன் முதல் வடிவை வெளியிட்டது. அதனை உருவாக்கியோருள் ஒருவரான இராமநாதன் வி. குஹா, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். 2002-இல் டேவ் வைனர் இதன் 2.0 பதிப்பை அளித்தார். 2005-இல் தோன்றிய கூகுள் ரீடர் பலருக்கு இதனை அறிமுகம் செய்தது. ஆனால் 2013 ஜூலை 1-ஆம் நாள் அது மூடப்பட்டது. 2018 டிசம்பரில் பயர்பாக்ஸ் உலாவியும் தன்னுள் இருந்த ஓடை வசதியை நீக்கியது.

இத்துணைப் பயனுள்ள ஒன்று பொதுமக்களிடம் ஏன் வேரூன்றவில்லை? தளத்தின் மூலையில் ஆரஞ்சு நிறச் சதுரம் ஒன்று இருக்கும்; அதில் வெள்ளை வளைகோடுகள் இருக்கும். ஆவலோடு அதனைச் சொடுக்குபவர் காண்பது என்ன? கோணக் குறிகளும் புரியாத சொற்களும் நிறைந்த கோப்பு! “ஏதோ பழுது” என்றெண்ணி அவர் திரும்பிவிடுவார். எந்திரம் படிக்க வேண்டியதை மனிதர் கையில் கொடுத்தால் வேறென்ன நிகழும்?

குறை ஓடையில் இல்லை என்பதற்குச் சான்று வேண்டுமா? பாட்காஸ்ட் என்னும் ஒலித்தொடர்களைப் பாருங்கள். அவற்றில் மிகப் பல நம்மை வந்தடைவது இதே ஓடையின் வழியாகத்தான். ஆனால் அங்கே கேட்பவர் கோப்பைக் காண்பதில்லை. ‘தொடர்க’ என்னும் பொத்தானை அழுத்துகிறார், அவ்வளவே. அங்கே படித்துறை கட்டினார்கள், இறங்கினார்கள் மக்கள்.

எனவே தளம் நடத்துவோர் செய்யத்தக்கவை சில. முதலாவது, வெறும் சின்னத்தை வைக்காமல், ‘புதிய கட்டுரைகளைத் தொடர்ந்து பெற’ என்று நல்ல தமிழில் எழுதுக. இரண்டாவது, அதனைச் சொடுக்கினால் ஒரு விளக்கப் பக்கம் திறக்கட்டும். ஓடை என்றால் என்ன, எந்தச் செயலியைக் கொள்ளலாம், எந்த முகவரியை எடுத்து ஒட்ட வேண்டும் என்று நான்கே வரிகளில் அது சொல்லட்டும். மூன்றாவது, தளத்தின் முகப்புப் பக்கக் குறிமுறையில் ஓடையின் முகவரியைச் சுட்டும் ஒரு வரியைச் சேர்க்க. பிறகு வாசகர் தளத்தின் பெயரை மட்டும் தந்தாலும் படிப்பான் ஓடையைத் தானே கண்டுகொள்ளும். நான்காவது, ஓடையில் வெறும் தலைப்பை விடாமல் முழுக் கட்டுரையையோ நல்ல சுருக்கத்தையோ தருக.

கோப்பையே அழகிய பக்கமாக மாற்றிக் காட்டும் எக்ஸ்.எஸ்.எல்.டி. என்னும் முறையும் உண்டு. ஆயினும் அதனைக் கைவிடும் திட்டத்தைக் குரோம் உலாவியினர் 2025-இல் அறிவித்துவிட்டனர். ஆதலின் புதிதாகத் தளம் அமைப்போர் தனி விளக்கப் பக்கத்தையே நம்புவது நன்று.

இது வெறும் வசதியைப் பற்றிய பேச்சன்று. சமூக வலைத்தளங்களில் நாம் எதைப் படிக்க வேண்டும் என்பதைப் பெரிதும் அந்நிறுவனங்களின் கணக்கே முடிவு செய்கிறது. பரபரப்பானது மேலே வரும். பண்பட்டது அடியில் தங்கிவிடும். மூன்று திங்களுக்கு ஒருமுறை நல்ல கட்டுரை ஒன்றை வெளியிடும் சிறிய தமிழ்த் தளத்தை அங்கே யார் காண்பார்? நாள்தோறும் அங்கே சென்று பார்க்கத்தான் யாருக்கு நேரம்? ஓடையில் சேர்த்துவிட்டால், அது எழுதும் நாளில் தவறாமல் நம்மிடம் வரும். தமிழகத்துக்கு வெளியே பயிலும் நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

நண்பர்களே, வேர்ட்பிரஸ் கொண்டு அமைத்த தளமாயின் ஓடை தானாகவே உண்டு. முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோடிட்டு ‘ஃபீட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். நீர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இறங்கி அள்ளுவதற்குப் படிகள்தாம் வேண்டும். கணிப்பொறி பயிலும் நம்மவர் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினால் அப்படிகளைக் கட்டிவிடலாம். கட்டுவோமாக!