கை மறைக்கும் சிரிப்பு

கல்வியாண்டின் இறுதியில் வகுப்புப் படம் எடுக்கும் நாள் வரும். ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லிப் பகுதிப் பள்ளிகளின் முற்றங்களில் மாணவர் வரிசை வரிசையாக நிற்பர். ஒளிப்படக் கலைஞர் சிரிக்கச் சொன்னதும் ஏறத்தாழ எல்லா முகங்களும் மலரும். ஓரிரு முகங்கள் மட்டும் உதட்டை இறுக மூடிக்கொள்ளும். வகுப்பறையில் சிரிக்க நேர்ந்தால் கையால் வாயை மறைப்பவர்களும், விடை தெரிந்தும் எழுந்து சொல்லத் தயங்குபவர்களும் அவர்களுள் இருப்பர். அவர்களைத் தடுப்பது வரிசை தவறிய ஒரு பல். அல்லது அந்தப் பல்லுக்காக மற்றவர் சூட்டிய 'தேங்காய்த் துருவி' என்பது போன்றதொரு பட்டப்பெயர்.

பல்லைப் பற்றித் தமிழில் சொற்கள் பல. முன்னே நீண்டு நிற்பது எத்துப்பல். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது தெற்றுப்பல். மேலே ஏறித் துருத்தும் கோரைப்பல் சிங்கப்பல். சங்கப் புலவர் முல்லை அரும்பை உவமையாக்கிப் பல்வரிசையைப் பாடினர். எனினும் தெற்றுப்பல் தெரியச் சிரிப்பதைத் தனியழகாகக் கருதும் வழக்கமும் தமிழரிடையே உண்டு. ஜப்பானியரும் அதற்கு 'யயெபா' எனப் பெயரிட்டு விரும்பியிருக்கின்றனர். எது அழகு, எது குறை என்பதை ஊரும் காலமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. பத்து வயதுக் குழந்தைக்கோ அந்த முடிவைச் சொல்லும் உலகம் அதன் வகுப்பறை மட்டுமே.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை தோன்றும் களன்களுள் ஒன்றாக எள்ளலைக் கூறுகிறது. அழுகை தோன்றும் களன்களுள் ஒன்றாக இளிவைக் கூறுகிறது. ஒரே பல்லை முன்னிட்டு, ஒரே நொடியில், ஒரே பெஞ்சில் இவ்விரண்டும் நிகழ்ந்துவிடுகின்றன. எள்ளியவர் அடுத்த பாடவேளைக்குள் மறந்துவிடுவார். எள்ளப்பட்டவர் அன்று மாலை கண்ணாடி முன் நின்று உதட்டை இழுத்துப் பார்த்துக்கொள்வார்.

வரிசை தவறுவது ஏன்?

குழந்தைக்குப் பால்பற்கள் 20. ஏறத்தாழ ஆறு வயதில் முதல் நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கத் தொடங்குகிறது. பின்னர் பால்பற்கள் ஒவ்வொன்றாக விழ, இறுதியில் நிலைப்பற்கள் 32 ஆகின்றன. தாடையின் அளவும் பற்களின் அளவும் பெருமளவு மரபுவழி வருபவை. சிறிய தாடையில் பெரிய பற்கள் அமைந்தால் இடநெருக்கடி ஏற்படும். நெடுங்காலம் விரல் சூப்புதல், மூக்கடைப்பினால் வாய்வழி மூச்சுவிடுதல் ஆகியனவும் பல்வரிசையை மாற்றக்கூடும்.

பலரும் பொருட்படுத்தாத காரணம் ஒன்றுண்டு. 'விழப்போகும் பல்தானே' என்று சொத்தை விழுந்த பால்பல்லைக் கவனியாது விடுவதே அது. பால்பல் தனக்குக் கீழே வளரும் நிலைப்பல்லுக்காக இடம்பிடித்து வைத்திருக்கிறது. பால் கடைவாய்ப்பல் உரிய காலத்திற்கு முன்பே போய்விட்டால் பின்னுள்ள பல் முன்னே சாய்ந்து அவ்விடத்தை அடைத்துக்கொள்ளும். உரிய பல் முளைக்கும்போது அதற்கு வழியிருக்காது. விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிந்த வீடுகளில், அது விழுந்த காலம் சரிதானா என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே.

அஞ்ச வேண்டாத நிலையும் உண்டு. எட்டு வயது முதல் பதினொன்று, பன்னிரண்டு வயது வரை பல குழந்தைகளின் மேல் முன்பற்கள் இடைவெளியுடன் விசிறிபோல் விரிந்து தோன்றும். உள்ளிருந்து இறங்கும் கோரைப்பற்கள் அவற்றின் வேர்களை நெருக்குவதே இதற்குக் காரணம். மருத்துவர் இதனை 'அழகற்ற வாத்துக்குஞ்சுப் பருவம்' என்பர். கோரைப்பல் முழுமையாக இறங்கியதும் அவ்விடைவெளி பெரும்பாலும் தானே மூடிவிடும். இதை அறியாத பெற்றோர் வீணே கலங்குகின்றனர். சிலர் இணையத்தில் கண்டவாறு ரப்பர் வளையத்தைப் பற்களில் மாட்டிவிடுகின்றனர். அவ்வளையம் ஈறுக்குள் நழுவி வேரைச் சுற்றியுள்ள எலும்பை அழிப்பதால் நல்ல பல்லே விழுந்துபோகக்கூடும்.

கம்பி செய்யும் வேலை

மக்கள் வழக்கில் 'கிளிப் போடுதல்' எனப்படும் பல்சீரமைப்பு பல்லை மட்டும் நகர்த்துவதாகத் தோன்றும். உண்மையில் அது எலும்பை மாற்றியமைக்கும் வேலை. பல் எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. மெல்லிய தசைநார்களால் பிணைக்கப்பட்டிருக்கிறது. கம்பி மெல்ல இழுக்கும்போது பல் அழுந்தும் பக்கத்தில் சில உயிரணுக்கள் எலும்பைக் கரைக்கின்றன. மறுபக்கத்தில் வேறு உயிரணுக்கள் புதிய எலும்பை இடுகின்றன. மாதத்திற்குச் சுமார் 1 மில்லிமீட்டர் அளவே பல் நகர்கிறது. மிகுந்த விசை கொடுத்தால் விரைவு கூடாது. வேருக்கே ஊறு நேரும். ஆகவேதான் மருத்துவம் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை நீள்கிறது.

இம்முயற்சி பழையது. உரோம அறிஞர் செல்சஸ், பால்பல் விழாமல் நிலைப்பல் முளைத்தால் பால்பல்லைப் பிடுங்கிப் புதிய பல்லை நாள்தோறும் விரலால் அதன் இடத்திற்குத் தள்ளுமாறு எழுதினார். பிரான்சு நாட்டின் பியர் ஃபோசார் 1728இல் வெளியிட்ட நூலில், வளைந்த உலோகப் பட்டையில் பற்களைக் கட்டி ஒழுங்குபடுத்தும் முறையை விளக்கினார். அமெரிக்கரான எட்வர்டு ஆங்கிள் 1899இல் வகுத்த கடிவரிசைப் பாகுபாடு இன்றும் கற்பிக்கப்படுகிறது.

யாருக்குத் தேவை?

கோணல் பல் அனைத்திற்கும் மருத்துவம் வேண்டுமா? வேண்டியதில்லை. மேல் முன்பற்கள் 3 மில்லிமீட்டருக்கு மேல் முன்னே நீண்டிருந்தால், விழும்போதோ விளையாடும்போதோ அவை அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது. நெருங்கிய பற்களைத் துலக்குவது கடினம். மேற்பல்லும் கீழுதடும் இயைந்து வகரம் பிறக்கும் என்பதைப் பிறப்பியல் கற்ற மாணவர் அறிவர்; முன்பற்கள் ஒன்றையொன்று எட்டாத வாயில் சில ஒலிகள் தடுமாறலாம். இவை உடல்சார்ந்த தேவைகள்.

மனம்சார்ந்த தேவையை அளப்பதுதான் அரிது. பிரித்தானியாவில் 1989இல் உருவான பல்சீரமைப்புத் தேவைக் குறியீடு இரு பகுதிகளைக் கொண்டது. ஒன்று பல்நலத்தை ஐந்து நிலைகளில் மதிப்பிடுகிறது. மற்றொன்று பல்வரிசைகளின் பத்து ஒளிப்படங்களைக் காட்டித் தோற்றத்தை மதிப்பிடுகிறது. ஆனால் அளவுகோலும் துயரமும் ஒத்துப்போவதில்லை. பெருங்கோணல் உடைய சிறார் சிலர் கவலையின்றிச் சிரிக்கின்றனர். ஒரு பல் சற்றே திரும்பிய சிறுமி படமெடுக்கவே மறுக்கிறாள். வீட்டில் அவர்களோடு பேசுவோரும் பள்ளியில் அவர்களை எள்ளுவோரும் அளவுகோலில் இடம்பெறுவதில்லை. எனவே வாயை மட்டுமன்றி, குழந்தை சொல்வதையும் மருத்துவர் கேட்கவேண்டியுள்ளது. பெற்றோர் வற்புறுத்தலால் கம்பி அணியும் குழந்தை, பல் துலக்கவும் கட்டுப்பாட்டுடன் உண்ணவும் சலித்துப் பாதியிலேயே விட்டுவிடுவதுண்டு.

சென்னையின் மேற்குப் புறநகருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. சவீதா பல்மருத்துவக் கல்லூரி பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் 1988 முதல் இயங்குகிறது. மதுரவாயல், முகப்பேர்ப் பகுதிகளிலும் பல்மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. நகரின் மறுகோடியில், கோட்டை ரயில் நிலையத்தருகே, 1953இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல்மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி மருத்துவமனைகளில் முதுநிலை மாணவர் பேராசிரியரின் மேற்பார்வையில் மருத்துவம் செய்வதால் தனியார் மருத்துவகத்தைவிடச் செலவு பொதுவாகக் குறையும். ஆனால் கட்டணம் மட்டுமே செலவன்று. மாதந்தோறும் கம்பியை முடுக்க வரவேண்டும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நாட்கூலிக்கு உழைக்கும் தாய்க்கு ஒவ்வொரு வருகையும் இழந்த கூலியாகும். இரண்டாண்டில் அது இருபது முறைக்கு மேல். செல்வர் வீட்டுப் பிள்ளையின் பல்லில் கம்பி மின்னுவதும், அடுத்த பெஞ்சுப் பிள்ளை கையால் வாயை மூடிக்கொள்வதும் இதனால்தான். ஏழு வயதளவில் ஒருமுறை பல்மருத்துவரிடம் காட்டினால், இடம் காக்கும் சிறு கருவியோடு முடியக்கூடிய சிக்கல்களும் உண்டு.

கம்பியைக் கழற்றும் நாளோடு மருத்துவம் முடிவதில்லை. இழுபட்ட தசைநார்கள் பல்லைப் பழைய இடத்திற்கே திருப்ப முயல்கின்றன. அதனால் 'ரீடெய்னர்' எனப்படும் தக்கவைப்புக் கருவியைப் பல மாதங்கள் அணியவேண்டும். இரவில் மேலும் நெடுங்காலம். பல் புதிய இடத்தில் ஊன்றிய பிறகும் சிரிப்பு வந்தால் கை தானாக வாயை நோக்கி எழுகிறது. பாதி வழியில்தான் அதற்கு நினைவு வருகிறது.