கூடையும் கிரீடமும்!

கூலிக்காரியின் தலையிலே கூடை இருந்தால், அது பாரம். நடிகையின் தலையிலே ஏறினால், அது அலங்காரம்! கற்பனையல்ல தோழர்களே, பிரேசில் நாட்டிலே நடந்ததைத்தான் சொல்லுகிறோம்.

கார்மென் மிராண்டா, 1909-ல் போர்ச்சுகலிலே பிறந்து, கைக்குழந்தையாகவே ரியோ டி ஜெனீரோ வந்தவர். தந்தை முடிதிருத்தும் தொழிலாளி. மகள் தொப்பிக்கடையிலே வேலை பார்த்த பெண். 1930-ல் வெளிவந்த இசைத்தட்டு ஒன்று அவரை நாடறிந்த பாடகியாக்கிற்று.

அவர் பாடியது சாம்பா. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழிவந்தோர், தங்கள் குடிசைகளிலே வளர்த்த இசை. கொட்டும் கையுமாகத் தெருவிலே நின்ற கறுப்பரைப் போலீஸ் பிடித்துச் சென்ற காலமும் உண்டு! அதே இசையை வெள்ளை நங்கை பாடினார். வானொலி வரவேற்றது, சூதாட்ட மாளிகை கைதட்டிற்று.

பாஹியா மாநிலத்திலே, காராமணி வடை சுட்டுத் தெருவிலே விற்கும் கறுப்பினப் பெண்கள் உண்டு. தலையிலே துணிக்கட்டு, கழுத்திலே மணிமாலை, கூடையிலே பிழைப்பு. அந்தக் கோலத்தைப் பூண்டு, 1939-ல் ‘பனானா டா டெர்ரா’ படத்திலே தோன்றினார் கார்மென். அவ்வாண்டே நியூயார்க் நாடக மேடை அழைத்தது. “என் வாத்தியக் குழுவும் உடன்வர வேண்டும்” என்று பிடிவாதம் பிடித்தார். உடனுழைத்தோரை மறவாத உள்ளம்! பாராட்டுகிறோம்.

ஹாலிவுட் வாரிக் கொடுத்தது. 1945-ல் அமெரிக்காவிலேயே மிக அதிக வருமானம் பெற்ற பெண் அவர். 2,00,000 டாலருக்கும் மேல்! ஆனால் கொடுத்த வேடம்? அர்ஜென்டினாக் கதையோ, கியூபாக் கதையோ, எதுவாயினும் அதே கொச்சை ஆங்கிலம், அதே கோமாளித்தனம், தலையிலே அதே பழக்குவியல். பாடகி நடிகையானார், நடிகை பொம்மையாக்கப்பட்டார்!

தாயகத்துச் சீமான்களோ, 1940-ல் உர்கா சூதாட்ட மாளிகையிலே அவர் பாடியபோது வாய்மூடி, கைகட்டி அமர்ந்திருந்தனர். அமெரிக்கக்காரியாகிவிட்டாளாம்! அவர் பாட்டாலேயே பதிலடி கொடுத்தார், கப்பலேறினார், 14 ஆண்டுகள் திரும்பவில்லை.

1955 ஆகஸ்ட் 5. தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஆடிவிட்டு வீடு திரும்பியவர், விடியுமுன் மாண்டார். வயது 46. உடல் ரியோ வந்தபோது, லட்சக்கணக்கான மக்கள் தெருவிலே திரண்டு அழுதனர். மாளிகையின் மௌனத்தை மக்களின் கண்ணீர் கழுவிற்று.

நாமும் மலர் தூவுகிறோம். ஆனாலும் கேட்கிறோம்: கோலம் தந்த கூடைக்காரிக்குக் கிடைத்தது என்ன? அவள் தொழிலை நாட்டின் பண்பாட்டுச் செல்வம் என்று பிரேசில் அரசு பதிந்தது, 2005-ல்!

கோலம் படத்திலே ஏறியது 1939. கோலத்துக்கு உரியவள் பதிவேட்டிலே ஏறியது 2005. இடையே 66 ஆண்டுகள்! கூடை மட்டும் அவள் தலையைவிட்டு இறங்கவேயில்லை.