தழும்பு இருந்தால் போதுமா?

"சின்ன வயசிலேயே ஊசி போட்டாச்சு, சாமி, எங்களுக்கு எப்படி வரும்?" பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் நெடுநாள் இருமலைக் குறித்து வினவினால், பி.சி.ஜி. தழும்பைக் காட்டி இவ்வாறு சொல்வோரை நாம் காண்கிறோம்.

இதற்கு விடை கண்டது நமது பழைய செங்கற்பட்டு மாவட்டமே. 1968-ல் திருவள்ளூர் வட்டாரத்தில் தொடங்கிய ஆய்வில் 2,80,000-க்கும் மேற்பட்டோருக்குப் பி.சி.ஜி.யோ மருந்தற்ற ஊசியோ போடப்பட்டது. பதினைந்தாண்டுகள் கண்காணித்தும், பெரியவர்களுக்கு அத்தடுப்பூசியால் நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்புக் கிடைத்ததாகத் தெரியவில்லை. நம் மண்ணிலும் நீரிலும் வாழும் காசக்கிருமியின் உறவுக்கிருமிகள் உடலை முன்பே பழக்கிவிட்டதால் ஊசி புதிதாக ஒன்றும் கற்பிக்கவில்லை என்பது அறிஞர் பலரின் கருத்து. அதற்காகக் குழந்தைக்கு ஊசி வேண்டாமென்று எவரும் முடிவுகட்ட வேண்டாம்! பச்சிளங்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து காப்பது அதுவே.

கிருமி மூச்சுடன் நுழைந்ததும், நுரையீரலின் காவல் அணுக்கள் அதை விழுங்குகின்றன. விழுங்கியும் கொல்ல இயலாதபோது, வேறு அணுக்கள் சூழ்ந்து சிறு முடிச்சாகக் கட்டிவிடுகின்றன. பத்தில் ஒன்பது பேருக்குக் கிருமி ஆயுள் முழுவதும் அங்கேயே அடங்கிக் கிடக்கும். பசி, குடி, நீரிழிவு, எச்.ஐ.வி. ஆகியவை அக்கட்டைத் தளர்த்துகின்றன. விந்தை என்னவெனில், நுரையீரலில் குழிவிழுவதற்குக் கிருமியைவிட, அதை எதிர்க்கும் உடலின் மிகுவேகமே பெரிதும் காரணம்.

பசியை நாம் சாதாரணமாக எண்ணுகிறோம். 2019-ல் ஜார்க்கண்டில் தொடங்கிய ஆய்வில், நோயாளியின் வீட்டார்க்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் வழங்கினர். அவ்வீடுகளில் புதிதாக நோய் கண்டோர் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது குறைந்தனர். மீன்பாடு இல்லாத மாதங்களில் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளும் குடும்பங்கள் இதைக் கருதுக. சிகிச்சை பெறுவோரின் உணவுக்கென அரசு 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் அளிக்கிறது. கேட்டுப் பெறுவதில் வெட்கமில்லை.

இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சிகிச்சை பொதுவாக ஆறு மாதம். சில வாரங்களிலேயே உடம்பு தேறியதாகத் தோன்றும்; அப்போது மாத்திரையை நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாகிவிடலாம்.

பெண்ணின் திருமணம் தடைப்படுமென்று நோயை மறைப்போரும், நோயாளியின் தட்டையும் குவளையையும் தனியே ஒதுக்குவோரும் நம்மிடையே உண்டு. இந்நோய் காற்றில் பரவுவது, தட்டில் அன்று. 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வில், ஏழை நோயாளிகளில் ஒரு சாராரை மருத்துவமனையிலும் மறு சாராரைத் தம் குடிசைகளிலேயும் வைத்து மருந்தளித்தனர். இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். குடிசையில் உடனிருந்த வீட்டார்க்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை.