அறைக்கு ஆள் வைக்கலாமா?

சென்ற மாரியில், பக்டரியில் என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவருக்கு எனது இலண்டன் பிளாற்றின் இரண்டாவது அறையைக் கொடுத்தேன். மூன்றாம் மாதம் கட்டட நிர்வாகிகளிடமிருந்து கடிதம் வந்தது. நான் குத்தகை நிபந்தனையை மீறி உபகுத்தகை கொடுத்திருப்பதாகவும் உடன் விளக்கம் தரவேண்டுமெனவும் அதில் கண்டிருந்தது. 'வீடு என்னுடையது, கடன் கட்டுபவன் நான், கேட்பதற்கு இவர்கள் யார்?' என்பதே எனது முதல் எண்ணம். ரிக்காடோவின் நிலவாடகைக் கோட்பாட்டைப் பல ஆண்டுகள் படிப்பித்த நான், வீடு வாங்கியபோது கையொப்பமிட்ட குத்தகைப் பத்திரத்தை அன்றுதான் முழுமையாக வாசித்தேன். எம்மவர் பலரும் இதே நிலையில் இருப்பார்கள் என்பதால் அறிந்ததை இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்சிலும் பெரும்பாலான பிளாற்றுகள் நீண்டகாலக் குத்தகை முறையில், அதாவது லீஸ்ஹோல்ட் முறையில், விற்கப்படுபவை. 99, 125 அல்லது 999 ஆண்டுகளுக்கான ஒரு காலத்தையே நாம் வாங்குகிறோம்; நிலமும் கட்டடமும் வேறொருவருடையவை. சட்டத்தின் கண்ணில் நாமும் வாடகைக்காரரே. ஒத்திக்குக் காணி கொடுத்து வாங்கிய எமது ஊரவருக்கு, அனுபவிப்பவர் ஒருவர், உரித்தாளர் இன்னொருவர் என்பது புதிய விடயமல்ல. ஆகவே குத்தகைக்காரர் அறைக்கு ஆள் வைக்கலாமா என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான விடை கிடையாது. விடை அவரவர் பத்திரத்தில் இருக்கிறது.

பல பத்திரங்களில், பிளாற்றின் ஒரு பகுதியை மட்டும் உபகுத்தகைக்கு விடக்கூடாது என்ற தடை உண்டு. என்னுடையதிலும் இருந்தது. ஆனால் அறைக்கு ஆள் வைப்பது உபகுத்தகையா? இங்குதான் 1985இல் பிரபுக்கள் சபை தீர்த்த ஸ்ட்ரீட் எதிர் மவுண்ட்ஃபர்ட் வழக்கு முக்கியமாகிறது. வாரம் 37 பவுண் வாடகைக்கு அறைகளைக் கொடுத்த ஒரு சட்டத்தரணி, அது வாடகைக் குடியிருப்பு அல்ல, வெறும் அனுமதி மட்டுமே என்று எழுதிக் கையொப்பமும் பெற்றிருந்தார். ரெம்பிள்மன் பிரபு அதனை ஏற்கவில்லை. குறித்த காலத்துக்கு, வாடகைக்கு, ஓர் இடம் ஒருவரின் தனி உடைமையாகக் கொடுக்கப்பட்டால், பத்திரத்தில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் அவர் வாடகைக் குடியிருப்பாளரே. வீட்டுக்காரர் சேவை செய்வதற்காகத் தடையின்றி அறைக்குள் போய்வரக்கூடிய நிலையில் இருப்பவரோ 'லொட்ஜர்' மட்டுமே. எமது பழைய வாசிப்பு வட்டங்களில் 'தனியுடைமை' என்பதற்கு வேறு பொருள் இருந்தது. இங்கு அதன் பொருள், மற்றெல்லோரையும், வீட்டுக்காரரையும்கூட, வெளியே நிறுத்தும் உரிமை.

இதன்படி, நானும் அதே பிளாற்றில் வாழ்ந்து, குசினியையும் குளியலறையையும் பகிர்ந்து, அறையைக் கூட்டித் துப்புரவாக்க உள்ளே போய்வந்தால், அறையில் இருப்பவர் லொட்ஜர்; உபகுத்தகைத் தடை மீறப்படவில்லை. நான் வேறிடத்தில் வாழ்ந்துகொண்டு அறைகளைப் பூட்டுப்போட்டுக் கொடுத்தால் கதை வேறு.

எனினும் இத்துடன் முடிந்துவிடாது. 'உடைமையையோ குடியிருப்பையோ பகிரக்கூடாது' என்று உங்கள் பத்திரம் சொல்லுமானால் லொட்ஜரும் அதில் அகப்படுவார். 'ஒரு குடும்பத்தின் குடியிருப்புக்கு மட்டும்' என்றிருந்தாலும் சிக்கல்தான். 'தனியார் வதிவிடம் மட்டும்' என்ற சொற்களை 2016இல் நெம்கோவா வழக்கில் மேல் நியாயசபை ஆராய்ந்தது. நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் ஆட்களை மாற்றி மாற்றி விடுவது அந்நிபந்தனையை மீறுவதாகும் என அது தீர்த்தது.

சம்மதமின்றி உபகுத்தகை கொடுக்கக்கூடாது என்று மட்டும் இருந்தால், 1927ஆம் ஆண்டுச் சட்டப்படி நியாயமற்ற முறையில் சம்மதத்தை மறுக்க முடியாது. எழுத்தில் கேட்டால் நியாயமான காலத்துள் எழுத்தில் பதில் தரவேண்டுமென 1988ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முழுத் தடை இருக்குமிடத்தில் இவை உதவா. மீறலுக்காகக் குத்தகையையே பறிக்க நிலச் சொந்தக்காரர் முயலலாம். ஆனால் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மீறலை நாம் ஒப்புக்கொண்டாலன்றி அல்லது நியாயசபையோ நீதிமன்றமோ உறுதிசெய்தாலன்றி அதற்கான அறிவித்தலைக்கூட அவர் அனுப்ப முடியாது. ஆகவே மிரட்டற் கடிதத்துக்குப் பயந்து 'பிழைதான்' என்று எழுதிவிட வேண்டாம்.

இனி, என்னை உறுத்திய விடயம். தம்பிக்கு அந்த அறை தனி உடைமை அல்ல என்பதே நிலச் சொந்தக்காரரிடமிருந்து என்னைக் காக்கிறது. அதே காரணம் என்னிடமிருந்து அவரைக் காக்கத் தவறுகிறது. வீட்டுக்காரரோடு இடத்தைப் பகிர்ந்து வாழும் லொட்ஜரை நீதிமன்றக் கட்டளையின்றியே, நியாயமான முன்னறிவித்தலோடு, வெளியேற்றலாம். எனது பாதுகாப்பு அவரது பாதுகாப்பின்மையில் நிற்கிறது. கொழும்புச் சமறிகளில் பாய் விரித்துப் படுத்த தலைமுறையினர் நாம்; இதைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2016 பெப்ரவரி முதல் இங்கிலாந்து முழுவதிலும், வாடகை வாங்கி ஆள் வைப்பவர் அவரது குடிவரவு நிலையைச் சோதிக்கவேண்டும். லொட்ஜருக்கும் இது பொருந்தும். 2024 பெப்ரவரியில் தண்டம் லொட்ஜர் ஒருவருக்கு 5,000 பவுண் வரையும், மீண்டும் தவறினால் 10,000 வரையும் உயர்த்தப்பட்டது. விசா ஏதுமின்றித் தஞ்சக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருப்பவருக்கு, உள்நாட்டு அமைச்சு தனியாக அனுமதித்தாலன்றி, வாடகைக்கு இருக்கும் உரிமை கிடையாது. வாடகை வாங்காமல் வைத்திருந்தால் இச்சட்டம் தொடாது. ஒரு காலத்தில் எம்மிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இன்று எமது வாசலில் நின்று நாமே கேட்கவேண்டியிருக்கிறது.

ஆகவே ஆள் வைக்குமுன் பத்திரத்தை வாசியுங்கள். கடன் தந்த வங்கிக்கும் காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். தனியாக வாழ்பவருக்குக் கவுன்சில் வரியில் கிடைக்கும் 25 வீதக் கழிவு போய்விடலாம் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

எனது பத்திரத்தில் பகிர்வுக்குத் தடை இருக்கவில்லை. நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன்; மேல் நடவடிக்கை இல்லையென இரண்டு வரியில் பதில் வந்தது. பிறகு தம்பியோடு ஒரு பக்கத்தில் உடன்படிக்கை எழுதினேன்: இரண்டு மாத முன்னறிவித்தலின்றி அவரை வெளியேறச் சொல்லமாட்டேன். சட்டம் என்னிடம் அவ்வளவு கேட்கவில்லை.

"சேர், எங்களுக்குள்ளை என்னத்துக்குக் கடுதாசி?" என்று அவர் சிரித்தார். ஒரு பிரதியை அவரது கையில் கொடுத்து, பத்திரமாக வைத்திருக்கச் சொன்னேன்.